தகட்டில் ஏறிய வார்னிஷ்

இரண்டாவது சோதனை நாளன்று ஷெட்டில் மூன்று பேர் இருந்தோம். விமானத்தின் சொந்தக்காரரான சார், அவருடைய நண்பரான பஞ்சாபி இன்ஜினியர், நான். சாரின் மனைவியும் வருவதாக இருந்தது. டெல்லி துவாரகாவில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் லிஃப்ட் ஓடவில்லை, எட்டு மாடி இறங்கி ஏற முடியாது என்று நின்றுவிட்டார். என் அப்பா இல்லை. அந்த விமானத்தின் வால்பகுதியில் இருக்கும் ஒவ்வொரு மரச் சட்டத்தையும் இழைத்து ஒட்டியவர் அவர்தான். அன்று அவர் வரக்கூடாது என்று சொன்னது சார். அதை வாங்கிக்கொண்டு போய் அப்பாவிடம் சொன்னது நான்.

மரத்தில் விமானமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், மரம்தான். இரண்டு பேர் உட்காரலாம். வெளிநாட்டிலிருந்து வரைபடக் கட்டு ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டில் கட்டிக்கொள்ளும் வகை. சார் மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். சிறு வயதில் ஃப்ளையிங் கிளப்பில் கொஞ்சம் ஓட்டியிருக்கிறார். நஜஃப்கர் போகிற சாலையில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து ஆறு வருடமாக அதைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா அங்கே போன கதை சின்னது. ஆர்.கே.புரத்தில் ஏதோ விழா மேடைக்குப் பலகை அடிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சார் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்க சென்ட்ரிங் வேலைதானே பண்றேள்? மூலையெல்லாம் இவ்வளவு சுத்தமா சேத்திருக்கேளே" என்றாராம். கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைக்கிற வேலைக்குத்தான் சென்ட்ரிங் என்று பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்ததிலிருந்து அப்பா செய்தது அது ஒன்றுதான். தினம் தொள்ளாயிரம் என்று பேசி, சார் அவரை ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது.

"சென்ட்ரிங்ல நாம அடிக்கிற பலகைய காஞ்சதும் பிச்சித் தூரப் போட்டுடுவான். இங்க பலகைதான் பறக்கப் போவுதாம்."

"நீ ஏறிப் போவியா?" என்றார் அம்மா.

"நானா? செஞ்சவன் எவனாவது ஏறுவானா? அந்த சார்கிட்டயும் சொல்லிட்டேன். நான் கீழ நின்னு கை காட்றேன் சார், நீங்க போய்ட்டு வாங்கன்னு."

சார் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்பாவுக்கு அதில் பெருமை. பெரிய ஆபீசரைச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுசாக வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் வராது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். அந்த நான்கு வீட்டு அம்மாக்களிடமும், "எம்மவன் ஏரோப்ளேன் படிப்பு" என்று சொல்லி வைத்திருந்தார். விமானப் பராமரிப்புப் படிப்பை நான் முடித்து எட்டு மாதமாகியிருந்தது. வேலை இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழுதுபார்க்கும் நிறுவனம் மட்டும் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னது. பயிற்சியாளராக எடுக்கிறோம், ஆனால் விமானத்தில் நீயே கையால் பொருத்திய மின்னணுக் கருவி வேலை, அதாவது ஏவியானிக்ஸ் வேலை, ஒன்றாவது உன் பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரின் கையெழுத்து இருக்க வேண்டும், நவம்பர் முடிவதற்குள் கொண்டு வா.

அந்தக் கையெழுத்துக்கு வழி பண்ணியதும் அப்பாதான். மறுநாள் ஷெட்டில் சாரிடம் கேட்டிருக்கிறார். "அச்சா, ட்ரான்ஸ்பாண்டர் வேலை இருக்கே. வரச் சொல்லுங்கோ. நம்ம இன்ஜினியர் மேற்பார்வை பாக்கட்டும், சைன் பண்ணிடுவார்" என்று சார் சொல்லிவிட்டார். இன்ஜினியரும் என்னைப் பார்த்த முதல் நாளே, "காம் அச்சா ஹோகா தோ சைன் பக்கா, பேட்டா" என்றார். வேலை நன்றாக இருந்தால் கையெழுத்து உறுதி. சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏழு வாரம் போனேன். கம்பி இழுத்தேன், பெட்டி உட்காரும் தட்டைப் பொருத்தினேன், ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு ஒட்டினேன். ட்ரான்ஸ்பாண்டர் என்பது ஒரு பதில் சொல்லும் பெட்டி. கீழேயிருந்து ரேடார், 'யார் நீ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இது பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதிலை வெளியே அனுப்புகிற ஆன்டெனா சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். விமானத்தின் அடிவயிற்றில், மீனின் துடுப்பைப் போல நீட்டிக்கொண்டிருக்கும்.

உலோக விமானத்தில் அதைப் பொருத்துவது அரை நாள் வேலை. வயிற்றுத் தகடே உலோகம். மர விமானத்தில் அப்படி இல்லை. ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கம் ஓர் உலோகப் பரப்பு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது பாதி ஆன்டெனாதான். அதனால் உள்பக்கம் ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தகடு ஒன்றை வைக்கிறோம். கிரவுண்ட் பிளேன் என்று பெயர். வெளியே ஆன்டெனா, நடுவில் மெல்லிய பிளைவுட், உள்ளே தகடு. மூன்றையும் நான்கு திருகுகள் சேர்த்துப் பிடிக்கும். ஆன்டெனாவுக்கும் தகட்டுக்கும் உள்ள உறவே அந்தத் திருகுகள் வழியாகத்தான். எனவே வாஷர் உட்காருகிற நான்கு இடத்திலும் தகடு வெறும் உலோகமாக இருக்க வேண்டும். மேலே எந்தப் பூச்சும் இருக்கக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. உட்காருபவரிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், சக்கரக் காலுக்குப் பக்கத்தில் கூடாது, இன்னொரு ரேடியோவின் ஆன்டெனாவுக்கு அருகிலும் கூடாது. இருக்கைக்குப் பின்னால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஓரிடம் கிடைத்தது. மெல்லிய பிளைவுட் திருகின் இறுக்கத்தில் நசுங்காமல் இருக்க, அங்கே இன்னொரு பலகைத் துண்டை ஒட்டித் தடிமனாக்க வேண்டும். அளவை எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்க்காமல் என் விரல் காட்டிய இடத்தைத்தான் பார்த்தார். மாலைக்குள் துண்டு தயார். நாலு ஓரமும் சரிந்து சரிந்து, ஒட்டிய இடம் விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் இன்றும் ஒரு காரணமும் அகப்படவில்லை. அப்பாவிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா என்ன, என்றுதான் இருந்திருப்பேன்.

தகடு அரித்துப்போகாமல் இருக்க சார் அதற்கு முன்கூட்டியே பச்சை பிரைமர் அடித்து வாங்கியிருந்தார். திருகு வரும் நான்கு இடத்திலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அந்தப் பச்சையைச் சுரண்டினேன். கையில் இருந்தது பழைய ஸ்க்ரூட்ரைவரும் முரட்டு உப்புத்தாளும்தான். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. நாய் பிறாண்டியது போல. ஆனால் ஆன்டெனாவை மாட்டி மீட்டர் வைத்ததும் பீப் என்றது. தொடர்பு கச்சிதம். பிறகு வயிற்றுப் பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஆன்டெனாவைக் கழற்றி டப்பாவில் வைத்தேன்.

அன்று காலை ஒரு சம்பவம். சார் தன் சொசைட்டியிலிருந்து இரண்டு பேரை விமானம் காட்ட அழைத்து வந்திருந்தார். இருவரும் தமிழர்கள். என்னைக் காட்டி, "இவன் நம்ம கார்பென்டரோட பையன். ஏவியானிக்ஸ் பண்றான், பாத்தேளா! இங்கிலீஷ்கூட நன்னா பேசறான்" என்றார். அந்த இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மூலையில் உப்புத்தாளோடு குந்தியிருந்த அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி என்னை. ஒருவர், "வெரி குட், வெரி குட்" என்று என் தோளைத் தட்டினார். அப்பாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது. ஏழு வாரத்தில் சார் ஒருமுறைகூட என்னை வேறு எப்படியும் அறிமுகப்படுத்தியதில்லை.

அவர்கள் போன பிறகு அப்பா வந்து, விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, தகரத்த இப்படிச் சொறிஞ்சி வெச்சிருக்க?"

"அது அப்படித்தான் இருக்கணும்."

"புதுத் தகரம்டா. அந்த சர்தார் பாத்தா என்ன நெனைப்பாரு?" இன்ஜினியர் சர்தார் அல்ல, தலைப்பாகையும் இல்லை. அப்பாவுக்குப் பஞ்சாபி என்றால் எல்லோரும் சர்தார்தான்.

"உனக்குப் புரியாது. விடு."

"சொன்னாத்தானே புரியும்?"

"ப்ச். விடுன்னா விடேம்ப்பா."

இரண்டு நிமிட வேலை அது. இங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், நடுவில் எதுவும் வரக் கூடாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கரண்ட் வேலை பார்க்கிறவர்களோடு முப்பது வருடம் கட்டடங்களில் நின்ற மனிதர். புரியாமல் போயிருக்காது. குறைந்தபட்சம் அந்த நான்கு இடத்திலும் ஒரு டேப் ஒட்டியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த மூன்று நாள் மதிப்பெண் பட்டியலுக்காகக் கல்லூரி ஆபீஸில் அலைந்தேன்.

அந்த மூன்று நாளில் சார் அப்பாவிடம், வால்பகுதியின் உள்பக்கம் முழுக்க வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறார். மரத்துக்குள் ஈரம் ஏறக் கூடாது என்பதற்காக. இரண்டு டப்பாவில் வந்து, கலந்து அடிக்கிற வகை. கண்ணாடி போலக் காயும், கல் போல இறுகும். அப்பா மரத்துக்கெல்லாம் அடித்து முடித்தார். பிறகு தகட்டைப் பார்த்தார்.

மகன் வேலை அவமானமாகத் தெரியக் கூடாதே என்று நினைத்திருக்கிறார். என் கீறல்களின் மேல் நைஸ் உப்புத்தாளை வைத்து, வட்டத்தின் ஓரம் பிசிறில்லாமல் இழைத்து, துணியால் துடைத்து, நான்கு இடத்திலும் இரண்டு கை வார்னிஷ் ஏற்றியிருக்கிறார். சின்னத் தூரிகையை வைத்துத் திருகு ஓட்டைக்குள்ளும்.

சோதனை நாள் வந்தது. இன்ஜினியர் ஒரு சோதனைப் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். ஒரு நாளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. ரேடார் கேட்பது போலவே அது கேட்கும், நம் பெட்டி எவ்வளவு பலமாகப் பதில் சொல்கிறது என்று காட்டும். நான்கு மணிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்ததே ஒரு மணிக்கு. "ஜல்தி, பேட்டா, ஜல்தி" என்று தலைக்கு மேல் நின்றார். அப்பா துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். இன்று கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். அம்மா அன்று காலை மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார்.

ஆன்டெனாவை எடுத்துப் பொருத்தினேன். உள்ளே வாஷர் போடும்போது அந்த நான்கு வட்டமும் பளபளவென்று தெரிந்தன. அப்பா தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். வெறும் உலோகம் மாதிரியேதான் இருந்தது. மீட்டர் என் பையில் இருந்தது. எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். முன்பே பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

சோதனைப் பெட்டியின் திரையில் எண் வந்தது. போனது. மறுபடி வந்தது. இன்ஜினியர் விமானத்தின் வயிற்றை விரலால் தட்டினார். எண் செத்துவிட்டது. இன்னொரு தட்டு. உயிர் வந்தது.

"ஆத்தா ஹை, ஜாத்தா ஹை. யே க்யா ஹை?" என்றார். வருகிறது, போகிறது, என்ன இது?

கம்பியை மாற்றிப் பார்த்தோம். இணைப்பு முனைகளைப் பார்த்தோம். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அவரே உள்ளே தலையை விட்டு, திருகைக் கழற்றி, மீட்டரைத் தகட்டில் வைத்தார். பீப் வரவில்லை. நகத்தால் சுரண்டினார். ஸ்க்ரூட்ரைவர் முனையால் சுரண்டினார். நகத்தளவு மெல்லிய தோல் ஒன்று, வெங்காயச் சருகு போல, சுருண்டு வந்தது. அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து சாரிடம் காட்டினார்.

"வார்னிஷ். இதை யார் அடித்தது?"

சார் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா இரண்டடி முன்னால் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். பாராட்டத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"நான்தான் சார். பையன் அவசரத்துல கீறி வெச்சிருந்தான். நான் இழைச்சி சரி பண்ணி வெச்சேன். ரெண்டு கோட்டு சார்."

அதற்குப் பிறகு நான் பேசியதை மாற்றி எழுத முடியுமானால் நல்லது. முடியாது.

"ஒன்ன யாரு தொடச் சொன்னது? படிச்சிருக்கியா நீ? ஒரு எழுத்து தெரியுமா ஒனக்கு? படிக்காதவன் படிக்காதவனாட்டம் ஒரு ஓரமா குந்திக்கினு இருக்க வேண்டியதுதான? எதுக்கு எல்லாத்துலயும் கை வெக்கிற? ஒன்னாலதான் எல்லாம். ஒன்னாலதான் எல்லாம் போச்சி!"

இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியின் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார். அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. அது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எங்கே போவது என்று தெரியாத மாதிரி.

"சொரண்டிட்டா சரியாயிடுமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கழற்றிய திருகுகளை டப்பாவில் போட்டேன்.

"பெரியவரை அப்படியெல்லாம் பேசப்படாது" என்றார் சார் என்னிடம். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த ஆட்களோடு இதுதான் தொல்லை, மனசு நல்ல மனசு, ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரியாது. அந்த 'ஆட்கள்' என்ற சொல்லில் நான் சேர்த்தியா இல்லையா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அப்போதைக்கு, இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஓட்டை வழியாக வார்னிஷ் இறங்கியிருந்தது. தகட்டையே மாற்று, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று இன்ஜினியர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதிவுப் புத்தகத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பஸ்ஸில் அப்பா முன்பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் சாரிடமிருந்து போன். "நாளன்னிக்கு வந்து புதுத் தகடு போட்டுடு. அடுத்த வாரம் திரும்ப டெஸ்ட். ஆனா ஒண்ணு, உங்கப்பா கொஞ்ச நாள் வர வேண்டாம்ப்பா. இன்ஜினியர் ரொம்ப அப்செட்டா இருக்கார். இவர் இருந்தா சைன் பண்ண மாட்டேங்கறார். நீ புரிஞ்சுப்பே, படிச்சவன்."

சார், அவருக்கு நான் டேப் ஒட்டிக் கொடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. நவம்பர் முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. "சரி சார்" என்றேன்.

அப்பா கொடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே, "நானே அதான் நெனச்சேன். சைட்டுல கூப்ட்டுக்கினு இருக்கான். அங்க போறேன்" என்றார்.

எந்த சைட்டிலும் யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம்தான் காற்றில் புகை மிஞ்சிவிட்டது என்று அரசு டெல்லி முழுக்கக் கட்டட வேலையை நிறுத்தியிருந்தது. தினமும் காலையில் டிபன் டப்பாவோடு வெளியே போய், கூலி ஆட்கள் வேலைக்குக் காத்திருக்கும் லேபர் சவுக்கில் உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்தார். அம்மா என்னை ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"அங்க என்னாடா நடந்திச்சி? அந்த மனுசன் வாயத் தொறக்க மாட்டேன்றாரு."

"ஒண்ணும் இல்லம்மா. வேல முடிஞ்சிடிச்சி."

"வேல முடிஞ்சா சோறு கொறைவா துன்னுவாங்களா?"

இரண்டாவது சோதனை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. புதுத் தகடு, புதுத் திருகு. நானே நான்கு முறை மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். திரையில் எண் வந்து நின்றது. இன்ஜினியர் வயிற்றைத் தட்டினார், குத்தினார். நின்றது. "ஷாபாஷ்" என்றார். தகட்டுக்குக் கீழே இருந்த தடிப்புப் பலகையை விரலால் தடவி, "யே கிஸ்னே பனாயா? படியா காம் ஹை" என்றார். இது யார் செய்தது, அருமையான வேலை. நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் பையைத் திறந்தேன்.

புத்தகத்தை நீட்டினேன். அவர் பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினார். ட்ரான்ஸ்பாண்டர் ஆன்டெனா நிறுவலில் உதவினார், ஒரு நாள். கீழே கையெழுத்து.

"சார், ஏழு வாரம் செஞ்சேன். நான்தான் பொருத்தினேன். உதவலை" என்றேன் இந்தியில்.

"பேட்டா, முதல் தடவை ஃபெயில் ஆன வேலையை நீ தனியாகச் செய்தாய் என்று நான் எழுதினால், நாளைக்கு என் லைசென்ஸைப் பிடிப்பார்கள். நடந்ததற்கு இதுவே அதிகம்."

"பேர் வந்துடுத்தே, அது போறாதா?" என்றார் சார். பிறகு, டிஃபன் பெட்டியைத் திறந்துகொண்டே, ஏதோ நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். "உங்கப்பா ரொம்ப மானஸ்தர்ப்பா. நேத்திக்கு வீட்டுக்கே வந்துட்டார். ரெண்டாவது நாள் பெட்டி வாடகை, தகடு, திருகு, எல்லாத்துக்கும் எவ்வளவு ஆச்சுன்னு கேட்டு, எண்ணிக் கொடுத்துட்டுப் போனார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கலையே."

சொன்னீர்கள், பிறகு வாங்கிக்கொண்டீர்கள். இதையும் நான் சொல்லவில்லை. அவர் நீட்டிய முறுக்கை வாங்கிக்கொண்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட் முறுக்கு. நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி நிறுவனத்துக்குப் போனேன். மேசைக்கு எதிரே இருந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார். புத்தகத்தைப் புரட்டி, அந்த வரியில் விரல் வைத்தார்.

"உதவினார்னா? டார்ச் பிடிச்சீங்களா?"

ஏழு வாரத்தையும் சொன்னேன். தகடு, இடம், அளவு, மீட்டர், எல்லாம். அவர் பொறுமையாகவே கேட்டார். முடித்ததும் புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். எழுதியிருப்பதைத்தான் நாங்கள் பார்க்க முடியும், அடுத்த வருடம் வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது, "சாப்ட்டியா?" என்று மட்டும். அதற்கு முன்னால் என்றால் அவர் கேட்கிற கேள்விகள் வேறு. அந்தக் கம்பி எங்கே போகிறது, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, ரேடார் கண்ணுக்குத் தெரியுமா என்று துளைத்து எடுப்பார். அன்றைக்குப் பிறகு என் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் அவர் கேட்டதில்லை. இப்போது ஒரு கடையில் ஏ.சி. பழுது பார்க்கிறேன். அதைப் பற்றியும் கேட்பதில்லை. என் கருவிப் பை திறந்து கிடந்தால், அதைத் தாண்டித்தான் போகிறார். ஒரு ஸ்பேனரைக்கூட நகர்த்தி வைப்பதில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லையா என்று கேட்டால், கேட்டேன். டிசம்பரில் ஒரு நாள். "எதுக்கு?" என்றார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "அத்த வுடு. நீ சொன்னது உள்ளதுதான" என்று எழுந்து போய்விட்டார்.

கட்டடத் தடை எடுத்த பிறகுதான் அவருக்கு வேலை கிடைத்தது. பிறகு ஒரு நாள் அம்மா என்னிடம், "அந்த ஏரோப்ளேனுக்கு நம்ம வூட்ல மொத்தம் எவ்ளோடா போச்சி?" என்று கேட்டார். வேலையில்லாமல் அப்பா உட்கார்ந்திருந்தது இருபத்தாறு நாள், தொள்ளாயிரம் வீதம் இருபத்து மூவாயிரத்து நானூறு. பெட்டி வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. தகடும் திருகும் ஆயிரத்து நூற்றைம்பது. கூட்டிச் சொன்னேன். முப்பத்தோராயிரத்து ஐம்பது ரூபாய்.